கண்ணுக்குப் புலப்படாத காயமும் நஷ்டஈடும்

மோட்டார் விபத்து என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒரே விதமாக இருக்கும். நொறுங்கிய வண்டி, சிந்திய இரத்தம், முறிந்த எலும்பு, சுற்றிலும் கூடி நிற்கும் மக்கள். இவற்றுள் ஒன்றுமே இல்லாத விபத்தும் உண்டு. சிவப்பு விளக்கைக் கண்டு நின்றுகொண்டிருக்கும் ஒரு டாக்சியின் பின்புறத்தில் லாரி ஒன்று வந்து இடிக்கிறது. டாக்சியின் பின்தகடு சற்றே நசுங்குகிறது. உள்ளே அமர்ந்திருந்தவருக்கு ஒரு கீறலும் இல்லை. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று அவரே சொல்லிவிடுகிறார். டிரைவர்கள் இருவரும் சிறிது நேரம் சச்சரவிடுகின்றனர். ஏதோ பணம் கைமாறுகிறது. அவரவர் வழியே செல்கின்றனர். மறுநாட்காலை படுக்கையிலிருந்து எழ முயலும்போதுதான் கழுத்து திரும்ப மறுக்கிறது என்பது அவருக்குத் தெரியவருகிறது.

இவரை ஒரு தையற்காரர் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று மும்பைத் தாராவியில் சிறிய கடை வைத்திருப்பவர், வயது 42, மாத வருவாய் 18,000 ரூபாய். புனேயில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தபோது அந்நகரில் இவ்விபத்து நேர்ந்தது. குனிந்த தலை நிமிராமல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைத்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். எலும்பு முறிந்தவனுக்கு மாவுக்கட்டாவது சாட்சி சொல்லும். இவருக்கு யார் சாட்சி? நம் நாட்டுச் சட்டம் இத்தகையவருக்கு என்ன அளிக்கிறது, அதனைப் பெற அவர் என்ன செய்தல் வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் காயத்தின் இயல்பைக் காண்போம். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ. இந்தப் பாரத்தை ஏழு சிறிய எலும்புகள் அடுக்கிய கழுத்து தாங்கி நிற்கிறது. பின்னாலிருந்து இடி விழும்போது இருக்கையானது உடலைத் திடீரென முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னோக்கியும் மேற்பகுதி முன்னோக்கியும் ஒரே கணத்தில் வளைந்து, பின்னர் தலை பின்னே சாய்ந்து, மறுபடி முன்னே வீசப்படுகிறது. விநாடியில் ஒரு சிறு பகுதிக்குள் யாவும் முடிந்துவிடும். தசைகள் இறுகித் தற்காத்துக்கொள்ளவும் அவகாசம் இராது. சாட்டையைச் சொடுக்கும்போது அதன் நுனி படும் பாட்டைத் தலை படுகிறது. ஆதலின் இதற்கு ஆங்கிலத்தில் 'விப்லாஷ்' என்று பெயர் வந்தது. சாட்டையடிக் காயம் என்று நாம் தமிழில் சொல்லலாம். நம் மக்கள் வழக்கில் இது வெறும் கழுத்துச் சுளுக்கு, அல்லது கழுத்துப் பிடிப்பு.

இதில் கேடுறுவன எலும்புகளை இணைக்கும் நார்களும், சிறு மூட்டுகளின் உறைகளும், தசைகளுமே. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இவற்றைக் காட்டாது. அதனினும் நுட்பமான ஸ்கேன் படங்களிலும் பல வேளைகளில் ஒன்றும் தென்படுவதில்லை. வலியும் உடனே தோன்றுவதில்லை. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலைகாட்டும். கழுத்து வலியுடன் தலைவலி, தோள்வலி, தலைசுற்றல் ஆகியனவும் வரலாம். பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைந்துவிடுகின்றனர். சிலருக்கு வலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இக்காயத்தைப் பற்றிய வழக்கு நேற்று இன்று தோன்றியதன்று. மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே, இங்கிலாந்தில் ரயில் வண்டிகள் மோதிக்கொண்ட காலத்தில் அது தொடங்கிவிட்டது. வெளிக்காயம் இன்றித் தப்பிய பிரயாணிகள் பின்னர் முதுகு வலி, நடுக்கம், உறக்கமின்மை என்று முறையிட்டு ரயில்வே கம்பெனிகள்மீது வழக்குத் தொடர்ந்தனர். ஜான் எரிக் எரிக்சன் என்ற அறுவை வைத்தியர் 1866-இல் வெளியிட்ட நூலில், தண்டுவடம் அதிர்ச்சியுறுவதே இதற்குக் காரணம் என்று வாதித்தார். இலண்டன் வடமேற்கு ரயில்வேயின் வைத்தியராயிருந்த ஹெர்பர்ட் பேஜ் என்பவர் 1883-இல் மறுநூல் எழுதி, அச்சமும் மனக்கலக்கமுமே பெரும்பாலும் காரணம் என்றார். ஒருவர் சொல் வாதிகளுக்கும் மற்றவர் சொல் கம்பெனிகளுக்கும் உகந்ததாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 'விப்லாஷ்' என்ற சொல்லை 1928-இல் அமெரிக்க எலும்பு வைத்தியர் ஹெரால்டு குரோ வழங்கினார். பெயர் மாறியது, வாதம் மாறவில்லை.

இன்ஷூரன்ஸ் தரப்பினர் விரும்பி எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. லித்துவேனியா நாட்டில், நஷ்டஈடு கோரும் வழக்கமே அருகியிருந்த சூழலில், பின்னாலிருந்து இடிக்கப்பட்ட 202 வண்டியோட்டிகளைப் பற்றி விசாரித்தனர். நெடுநாள் வலி அவர்களிடையே மற்றவரைவிட மிகுதியாக இல்லை என்று 1996-இல் முடிவு வெளியாயிற்று. இதிலிருந்து, கோருபவர் யாவரும் பொய்யர் என்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு தவறு என்பது நம் கருத்து. பொதுவில் பலர் தேறிவிடுகின்றனர் என்ற உண்மை, குறிப்பிட்ட ஒருவர் தேறிவிட்டார் என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் பொய்க் கோரிக்கைகளும் இல்லாமலில்லை. ஒவ்வொரு பொய்க் கோரிக்கையும் மெய்யாக வலியுற்றவரின் பாதையில் ஒரு முள்ளைப் போடுகிறது.

இச்சிக்கலை இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரு விலைப்பட்டியலால் தீர்க்க முயன்றன. 2021 மே 31 முதல், மோட்டார் விபத்தில் நேரும் இக்காயத்தின் வலிக்கு, அது நீடிக்கும் காலத்தைக் கொண்டு தொகை நிர்ணயிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு மேற்படாத வலிக்கு 240 பவுன். பதினெட்டு மாதத்துக்கு மேல் இரண்டாண்டு வரை நீடித்தால் 4,215 பவுன். இத்தொகைகள் 2025-இல் உயர்த்தப்பட்டன. வைத்தியச் சான்று பெறாமல் இக்கோரிக்கையைச் சமரசம் செய்துகொள்வதும் அங்கே தடுக்கப்பட்டுள்ளது.

இந்தியாவில் இக்காயத்துக்கென்று அத்தகைய பட்டியல் கிடையாது. இங்கே கேள்வி வேறு: இவ்விபத்தினால் இம்மனிதர் எதனை இழந்தார்? இழந்ததை நிரூபித்தால் பெறலாம். நிரூபிக்காவிடில், வலி எவ்வளவு மெய்யானாலும், கையில் வருவது சொற்பமே. நம் தையற்காரருக்கு இது ஒரு விதத்தில் சாதகம், ஒரு விதத்தில் பாதகம். தம் தொழிலின் தனித்தன்மையை எடுத்துக்காட்டி நியாயமான தொகையைக் கோரலாம் என்பது சாதகம். பாரம் முழுவதும் அவர் தலைமீது விழுகிறது என்பது பாதகம். அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தோ முன்பே நொந்தது.

நமது சட்டத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் தீங்குக்காக வண்டிச் சொந்தக்காரர் இன்ஷூர் செய்தல் கட்டாயம் என்ற விதியைக் கொணர்ந்தது. சாதாரண சிவில் கோர்ட்டில் ஏழைகள் அலைய நேர்ந்தமையால், 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்களுக்கு இடம் செய்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதனை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பல இடங்களில் மாற்றியிருக்கிறது.

தையற்காரரின் வழக்கு தீர்ப்பாயத்தில் தொடங்குவதாக எண்ணுதல் பிழை. அது விபத்து நடந்த தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. இடித்த லாரியின் எண்ணை அவர் குறித்துக்கொண்டாரா? கைபேசியில் இரு வண்டிகளையும் படம் எடுத்தாரா? டாக்சி டிரைவரின் பெயரையும், அருகில் நின்று பார்த்தவர் ஒருவரின் முகவரியையும் கேட்டு வைத்தாரா? போலீஸுக்குத் தெரிவித்தாரா? இவை நான்கும் பத்து நிமிட வேலை. அன்று செய்யாது விட்டால், பின்னர் பத்து மாதம் அலைந்தாலும் கிட்டா. லாரி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டது என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி எது என்பதே தெரியாது. அத்தகைய விபத்துகளில் உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் மத்திய சர்க்கார் திட்டம் ஒன்றே மிஞ்சும்.

அடுத்து ஆஸ்பத்திரி. கையிலோ காலிலோ மரமரப்பு, பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க இயலாமை, இவற்றுள் எது தோன்றினாலும் அது வெறும் சுளுக்கன்று. கழுத்தை அசைக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுதல் வேண்டும். அவை இல்லாவிடினும் வலி தோன்றிய அன்றே டாக்டரைக் காண்பது நன்று. நம்மவர் என்ன செய்கின்றனர்? தைலம் தேய்க்கின்றனர், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கின்றனர், சுளுக்கெடுப்பவரிடம் சென்று கழுத்தைத் திருகச் செய்கின்றனர். ஒத்தடத்தால் கெடுதல் இல்லை. அடிபட்ட கழுத்தைத் திருகுவதோ ஆபத்தானது. ஒரு மாதம் இவ்வாறு கழிந்தபின் ஆஸ்பத்திரிக்குச் சென்றால், அங்கே எழுதப்படும் முதற் குறிப்பில் விபத்தின் தேதிக்கும் சிகிச்சையின் தேதிக்கும் இடையே முப்பது நாள் பள்ளம் விழுந்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பள்ளத்திலேதான் வழக்கைப் புதைப்பார்.

டாக்டரிடம் சொல்லும்போது "கழுத்து வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. "இன்ன தேதியில், இன்ன இடத்தில், நின்றுகொண்டிருந்த டாக்சியைப் பின்னாலிருந்து லாரி இடித்தது, அன்றிரவிலிருந்து வலி" என்று சொல்லி, அது சீட்டில் எழுதப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். விபத்துக் காயம் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் அதற்குரிய பதிவேட்டில் குறித்துப் போலீஸுக்கும் தகவல் அனுப்புவர். சிலர் போலீஸ் தொல்லைக்கு அஞ்சி, "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதச் சொல்லிவிடுகின்றனர். ஐந்து நிமிடச் சௌகரியத்துக்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பின்னர் எந்த வக்கீலாலும் அழிக்க முடியாது.

செலவுக்கு அஞ்சி ஆஸ்பத்திரியைத் தவிர்ப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய சர்க்கார் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு, விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிகிச்சை, அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முன்பணமின்றி அளிக்கப்படும்.

சிகிச்சையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கழுத்துக்குப் பட்டை கட்டி மாதக்கணக்கில் அசையாதிருப்பதே வைத்தியம் என்று முன்னாளில் எண்ணினர். முறிவு இல்லை என்று தெரிந்தபின், டாக்டர் சொன்ன அளவில் கழுத்தை மெல்ல அசைத்துப் பழக்குவதே மேல் என்பது இன்றைய வைத்தியர் கருத்து. தீர்ப்பாயத்துக்கு வரும் நாளில் மட்டும் கழுத்துப் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வருவோரும் உளர். நீதிபதிகள் அத்தகைய பட்டைகளை நிறையப் பார்த்தவர்கள்.

இனிப் போலீஸ். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, புலன் விசாரிக்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்புதல் வேண்டும். அவ்வறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகக் கொள்ளச் சட்டம் தீர்ப்பாயத்தைப் பணிக்கிறது. ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆயின் கண்ணுக்குத் தெரியாத காயத்தை எந்த அதிகாரியும் தானாக எழுதிவிட மாட்டார். வைத்தியச் சீட்டின் நகலை அவர் கையில் சேர்ப்பித்து, அறிக்கையில் தம் பெயர் காயமுற்றவராக இடம் பெற்றதா என்று தையற்காரரே விசாரித்தல் வேண்டும்.

மனுவைத் தாமே செய்வதானால் எங்கே செய்வது? விபத்து நடந்தது புனேயில். ஆயினும் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிரி வசிக்கும் இடம் ஆகிய எதற்கும் உரிய தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம் என்று 166-ஆம் பிரிவு கூறுகிறது. ஊர்விட்டு ஊர் சென்று பிழைக்கும் நம்மவர்க்கு இது பேருதவி. காலவரம்பு மட்டும் கடுமையானது. 1994-இல் எடுக்கப்பட்ட வரம்பு, 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்தது: விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. காலங்கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளலாகாது என்று 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்காலமாகப் பணித்தது. அதனை நம்பிக் காத்திருத்தல் புத்திசாலித்தனம் ஆகாது. வலி முற்றும் தீரட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது இக்காயமுற்றோரின் பொதுவான பிழை. மனுவை முதலில் செய்துவிட்டுச் சிகிச்சைச் சான்றுகளைப் பின்னர் சேர்க்கலாம்.

மனுவில் லாரியின் டிரைவர், சொந்தக்காரர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்ப்பது வழக்கம். டிரைவரின் அஜாக்கிரதையை நிரூபித்தாக வேண்டும். நின்ற வண்டியைப் பின்னாலிருந்து இடித்தவன் தரப்பில் சொல்வதற்கு அதிகம் இராது. முன்வண்டியினின்றும் போதிய தூரம் விட்டு ஓட்டுவது டிரைவரின் கடமை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கிரிமினல் நியதி இங்கே இல்லை; எது நடந்திருக்கக்கூடும் என்ற நிகழ்தகவே அளவுகோல். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை பெற்றாலும் நஷ்டஈட்டு வழக்கு அதனால் வீழ்ந்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1980-லேயே தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே இத்தகைய வழக்கில் போர் நடப்பது பெரும்பாலும் குற்றம் யாருடையது என்பதில் அன்று. காயம் உண்டா என்பதில்தான்.

இன்ஷூரன்ஸ் தரப்பின் கேள்விகள் ஏறத்தாழ மனப்பாடம் செய்தவை போலவே வரும். "வண்டி இவ்வளவுதானே நசுங்கியது?" என்பது ஒன்று. வண்டியின் நசுக்கத்துக்கும் உள்ளிருப்பவரின் காயத்துக்கும் நேரான கணக்கு இல்லை. நசுங்காத விறைத்த தகடு, இடியின் வேகத்தை உள்ளே இருப்பவருக்கே கடத்திவிடக்கூடும். "எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் தெரிகிறதே; இது பழைய நோய்தானே?" என்பது மற்றொன்று. இதுவே வலிமையான கேள்வி. நாற்பது வயதைக் கடந்தவர் பலர் கழுத்தில் தேய்மானம் காணப்படும். அவருள் பெரும்பாலோர்க்கு வலி இராது. நம் தையற்காரர் விபத்துக்கு முன் கழுத்து வலிக்காகச் சிகிச்சை பெற்றதில்லை என்றால், அதனை அவர் சொல்ல வேண்டும். குடும்ப டாக்டரும் சொன்னால் நல்லது. முன்பே சிறிது வலி இருந்தது என்றால் அதனையும் மறைக்கலாகாது. வலுவற்ற உடலை இடித்தவன் "நான் இடித்த உடல் பலமானதாக இருந்திருக்கலாமே" என்று தப்ப முடியாது. ஆயின் விபத்தினால் கூடிய தீங்குக்கு மட்டுமே அவன் பொறுப்பாளி. மறைத்த பழைய சீட்டு ஒன்று குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டால், உண்மையான வலியும் பொய்யாகிவிடும்.

தொகைக்கு வருவோம். காயமுற்றோர் வழக்குகளில் இன்றும் தீர்ப்பாயங்கள் பின்பற்றுவது 2010 அக்டோபர் 18-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி இரவீந்திரன் எழுதிய தீர்ப்பு. அதன்படி, சாதாரணக் காயமானால் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்துணவுச் செலவுகள். சிகிச்சைக் காலத்தில் இழந்த வருவாய். வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, இவையே கிட்டும். நிரந்தர ஊனத்தால் வருங்காலத்தில் இழக்கும் வருவாய், இனி வரும் சிகிச்சைச் செலவு, வாழ்க்கை இன்பங்களின் இழப்பு ஆகியன, அதற்கெனத் திட்டமான வைத்தியச் சாட்சியம் உள்ள கடுங்காயங்களுக்கே உரியன. சாட்டையடிக் காய வழக்கு பெரும்பாலும் முதல் வகையில் தங்கிவிடுகிறது. ஆறு வாரத்தில் குணமானவருக்கு அதுவே நியாயமும் ஆகும். வலி தங்கிவிட்டவரையும் அதே கட்டத்தில் அடைத்துவிடும்போதுதான் அநீதி நேர்கிறது.

அந்தத் தீர்ப்பில் ஓர் உதாரணம் உண்டு. ஒருவர் இடக்கையை இழந்தார் என்றால் வைத்தியர் கணக்கில் ஊனம் சுமார் அறுபது சதவீதம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருவாய் இழப்பு ஏறத்தாழ நூறு சதவீதம். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் வேலையே போகாமலிருக்கலாம். ஆகவே டாக்டர் சொல்ல வேண்டியது உடலின் ஊனத்தை; அந்த ஊனம் அம்மனிதரின் பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்பதை நிர்ணயிப்பது தீர்ப்பாயம். இதனை நம் தையற்காரருக்குப் பொருத்திப் பாருங்கள். கழுத்தைக் குனிய முடியாமை ஒரு கடை மேற்பார்வையாளருக்குச் சிறு தொல்லை. தையற்காரருக்கு அது தொழிலின் வேரிலேயே விழுந்த வெட்டு.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று மாதத்தில் தேறிவிட்டார் என்றால் வருவாய் இழப்பு ரூ. 54,000, அதனுடன் சிகிச்சைச் செலவும் வலிக்கான தொகையும். வலி நிரந்தரமாகி, அவருடைய உழைப்புத் திறனில் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று தீர்ப்பாயம் கண்டால் கணக்கு வேறாகும். சுயதொழில் செய்யும் 42 வயதினருக்கு, வருங்கால உயர்வுக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும். 18,000 என்பது 22,500 ஆகும். ஆண்டுக்கு 2,70,000, அதில் பத்தில் ஒரு பங்கு 27,000. அவர் வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பெருக்கெண் 14. ஆக ரூ. 3,78,000. ஒரே கழுத்துதான், சான்று இருப்பதற்கும் இல்லாமைக்கும் இவ்வளவு தூரம்.

இதில் ஒரு கண்ணியைச் சொல்ல வேண்டும். நிரந்தர ஊனம் என்ற சான்றிதழைக் கோர்ட்டு வாசலிலேயே பணத்துக்கு எழுதித் தருவோர் உண்டு. சிகிச்சை அளிக்காத டாக்டர்கள் தரும் அத்தகைய ஆயத்தச் சான்றிதழ்களை எளிதில் ஏற்கலாகாது என்று மேற்சொன்ன தீர்ப்பே எச்சரிக்கிறது. சிகிச்சை அளித்த டாக்டரே சிறந்த சாட்சி. அவர் கோர்ட்டுக்கு வரத் தயங்குவது இயல்பு. நேரம் குறித்து அழைத்தோ, கமிஷன் மூலமோ அவருடைய சாட்சியத்தைப் பெறலாம் என்பதும் அத்தீர்ப்பிலேயே கூறப்பட்டுள்ளது.

அஜாக்கிரதையை நிரூபிக்காமலே பெறும் வழியும் ஒன்று உண்டு. 164-ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்குத் திட்டமாக இரண்டரை இலட்சம் ரூபாய். எலும்பு முறியாத கழுத்துக் காயம் கொடுங்காயமாகுமா என்று கேட்கலாம். பாரதிய நியாய சன்ஹிதையின் 116-ஆம் பிரிவு, பதினைந்து நாள் கடும் உடல்வலியில் கிடக்கவோ, வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாதிருக்கவோ செய்யும் காயத்தையும் கொடுங்காயம் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இருபது நாள். அந்தப் பதினைந்து நாட்களையும் காட்டுவது மறுபடியும் அந்த வைத்தியச் சீட்டுகளே. இவ்வழியில் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு அற்றுப்போகும் என்பதை நினைவிற் கொண்டு, எது பெரிது என்று கணக்கிட்டபின்பே ஒப்ப வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி முப்பது நாளுக்குள் சமரசத் தொகை ஒன்றைக் கூறலாம் என்பது இன்றைய சட்டம். கால் முறிந்தவருக்கு முப்பது நாளில் தம் நிலை ஓரளவு தெரியும். கழுத்து நொந்தவருக்குத் தெரியாது. லோக் அதாலத்தில் சமரசம் செய்வதும் விரைவானது, செலவில்லாதது. ஆயின் அங்கே முடிந்தது முடிந்ததுதான், அதன்மேல் அப்பீல் இல்லை. வலி இன்னும் தணியாத நிலையில், டாக்டரின் கருத்தைப் பெறாமல் எங்கும் கையெழுத்திட வேண்டாம் என்பதே நம் யோசனை. வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் இடலாகாது.

"கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலேயே வந்து நிற்கும் தரகர்களை நேயர்கள் கண்டிருக்கலாம். வழக்கின் பலனில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு விதிகளால் விலக்கப்பட்டது. வசதியற்றோர்க்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருவாய் வரம்பு பாராமலே அது அளிக்கப்படும். ஏனையோர்க்கு வருவாய் வரம்பு உண்டு. மாவட்டந்தோறும் உள்ள சட்டப்பணிகள் அதிகார அலுவலகத்தையோ, 15100 என்ற தொலைபேசி எண்ணையோ நாடலாம்.

தீர்ப்பான பின் முப்பது நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் விதிக்கலாம். தொகை குறைவென்று கருதினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்யலாம். தகராறில் உள்ள தொகை ஓர் இலட்சத்துக்குக் குறைந்ததாயின் அப்பீல் இல்லை.

வருவாயை எப்படிக் காட்டுவது என்பது ஒன்றுதான் பாக்கி. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு உண்டு, தையற்காரருக்கு ஏது? ஒன்றும் காட்டாவிடில் தீர்ப்பாயம் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிட்டுவிடும். பாங்குக் கணக்கும், கைபேசி வழி வாடிக்கையாளர் செலுத்திய பணத்தின் பதிவும் இந்நாளில் உதவும். ஆனால் அவர் கடை மேசையின் இழுப்பறையிலே கிடக்கும் அளவு நோட்டைப் போல உதவுவது வேறில்லை. யார் துணி, என்ன அளவு, என்று கொடுத்தது, என்ன கூலி என்று நாள்தோறும் பென்சிலால் எழுதிய நோட்டு. விபத்துக்கு முந்திய மாதத்தில் எத்தனை சட்டை தைத்தார், பிந்திய மாதத்தில் எத்தனை என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டலாம். எக்ஸ்ரே காட்டாததை அது காட்டும். கழுத்து வலியினால் கடையைச் சில காலம் மூட நேர்ந்தாலும், அந்த நோட்டைப் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று பத்திரமாக வைக்கச் சொல்வோம்.